கண்ணாடியில் ஒரு கை

சோஜு சாராயம் குடிக்க உட்கார்ந்தாலும் மேங் சுன்சிக் முதலில் மேசையைத் துடைப்பார். சட்டையின் ஒரு பையில் ஸ்பிரிட் புட்டி, இன்னொன்றில் பழைய பனியன் துணி. "பிசுக்கு இருந்தா மை நிக்காது தம்பி," என்பார், அந்த மேசையில் மை ஊற்றப் போவதில்லை என்றாலும்.

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சந்தில், அவர் படம் வரையும் அக்ரிலிக் மை படாத பொருள் குறைவு. கணவாய் ஓடு, எக்ஸ்ரே படம், காய்ந்த கடற்பாசித் தாள், என் வீட்டுக் கிம்ச்சி ஊறுகாய் ஜாடியின் மூடி. ஈர மையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் வட்டக் கண் திறக்கும். உப்பைத் தூவினால் பூ விரியும். காகிதத்தை மட்டும் தொட மாட்டார். "அதுல எவன் வேணா வரைவான்."

மனைவி யாங்னிம் சந்தையில் கானாங்கெளுத்தி வெட்டுபவள். மாலையில் வந்ததும் வாசல் கதவின் கண்ணாடியில் கையை ஊன்றிக் குனிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றுவாள். ஐந்து விரலும் மீனெண்ணெயில் பதிந்துவிடும். தினமும் காலையில் இவர் திட்டிக்கொண்டே துடைப்பார். "என்னையும் ஒரு நாள் துடைச்சுக் காயவச்சு மை ஊத்திராதீங்க," என்பாள் அவள். சந்தே சிரிக்கும்.

பிப்ரவரியில் ஒரு மாலை பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. யாரையும் தொட விடவுமில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள்கூடப் பின்வாசல் வழியாகத்தான் போனார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "பிசுக்குல மை நிக்காதுல்ல? கண்ணாடி முழுக்க நீலத்தை ஊத்துனா அவ கை மட்டும் வெளுப்பா நிக்கும். எந்தக் காலத்துக்கும் அழியாது." அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் உயிரைப் பார்த்தேன்.

கதவைக் கழற்றி, இருவருமாகத் தரையில் கிடத்தினோம். மையைக் குலுக்கித் திறந்து வைத்தார். பிறகு முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகப் பைக்குள் போயிற்று. துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பு. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

"அண்ணே..."

"துடைச்சுட்டேனா?" என்று என்னையே கேட்டார்.

மை அந்தப் புட்டியிலேயே இறுகிவிட்டது. இப்போதெல்லாம் மேசையைத் துடைப்பதில்லை. பிசுக்கின் மேலேயே கையை வைத்துக் குடிக்கிறார். கதவை மட்டும் திரும்ப மாட்டினோம். காலையில் நான் எதிரே என் கடையைத் திறக்கும்போது அதன்முன் நிற்பார். அவள் கை இருந்த உயரத்துக்குக் குனிந்து, கண்ணாடியில் வாயால் ஊதுவார். ஆவி படியும். விரல் தடம் ஏதாவது தெரிகிறதா என்று விலகிப் பார்ப்பார். ஆவி கலையும்வரை நின்றுவிட்டு, மறுபடி குனிந்து ஊதுவார்.