மேசைக்கடியில் ஒரு புத்தகம்

எங்கள் வெள்ளவத்தைப் புத்தகக் கடைக்கு மகள் எழுதிய புரோகிராமில், இருப்புத் தேடும் பகுதியை, அவள் பாஷையில் 'கிளாஸை', இந்தக் கிழமை வெப் சேர்விஸ் ஆக்கிவிட்டாள். இனி மச்சானின் கொட்டாஞ்சேனைக் கடையும் எங்கள் இருப்பை நேரே கேட்கலாம். ஓ.எல். பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரம் எழுதிய எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

இன்று மச்சான் போன் எடுத்தார்.

"அத்தான், கெமிஸ்ட்ரி வினாத்தாள் புத்தகம் ஒண்டு இருக்கெண்டு உங்கட கம்ப்யூட்டர் சொல்லுது. காலமை நீங்கள் இல்லையெண்டனீங்கள். இங்க அதைக் கேட்டு வந்து நிக்கிற பிள்ளையின்ர தாயை இவ்வளவு ஆமி செக்பொயின்ற் தாண்டி அங்க அனுப்பவோ? புரோகிராம் பிழையோ?"

பக்கத்தில் நின்ற மகளின் முகம் சுருங்கியது.

அந்தக் கடைசிப் பிரதியை நண்பரின் மகனுக்கென்று மேசைக்கடியில் ஒளித்தவன் நான்.

"புரோகிராம் சரி மச்சான். அத்தான்தான் பிழை. அனுப்பும்."

நண்பரே, கோபிக்காதீர்கள். என் மகளின் சேர்விஸ் ஆள் பார்த்துப் பதில் சொல்லாது.

மற்ற முதலாளிமாரே, உங்கள் மேசைக்கடியில் என்ன இருக்கிறது?