பகல் சோறு போன இடம்

எங்கள் மகள் ராயபுரத்தில் சம்பளம் கட்டிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். கணவர் துறைமுகத்தில் கரி இறக்கும் கூலி. அவளைச் சேர்த்த பிறகு வீட்டில் அரிசி குறைந்தது. சுமை தூக்குகிறவர் பசித்திருக்கக் கூடாதென்று, என் பகல் சோற்றையும் அவருடைய தூக்குச்சட்டியிலேயே அழுத்தி வைத்து அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை.

சென்ற மாதம் ஒரு பிற்பகல், உடன் வேலை செய்யும் தனிக்கட்டை இளைஞர் அவரை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார். கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பலகையில் கரிக்கூடையோடு மயங்கிச் சாய்ந்தாராம். பின்னால் வந்தவர் பிடித்திராவிட்டால் கடலில் விழுந்திருப்பார்.

"பயப்படாத அண்ணி, பசி மயக்கம். வெறும் டீயிலியே வேலை செஞ்சிகினு கீறாரு."

"சட்டி நெறைய சோறு குடுத்தேனே!"

"அத்த நான்தானே துட்டு குடுத்து துன்றேன்? உனுக்குத் தெரியும்னு அண்ணன் சொல்லிச்சே. உன் மீன் கொயம்பு சோக்கா கீது அண்ணி."

கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "பாப்பா இஸ்கூலு சம்பளம் பின்ன எங்கேர்ந்து வரும்?" என்றார்.

"அப்போ என் சோத்தையும் சேத்து வித்துட்டியா?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது அந்த இளைஞருக்கும் நானே காசு வாங்கிக்கொண்டு சமைத்து, தனிச்சட்டியில் அனுப்புகிறேன். வேலை கூடிவிட்டது, மகள் பள்ளிக்குப் போகிறாள். காலையில் என் பங்குச் சோறு இருக்கும் சட்டியைத் திறந்து பார்த்த பிறகே கணவர் கிளம்புகிறார். அவர் சாப்பிட்டாரா என்று மாலையில் நான் அந்த இளைஞரை விசாரிக்கிறேன். சாப்பாட்டு விஷயத்தில் ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதில்லை.