குழிக்குள் கேட்ட குறட்டை

பட்டாளத்தில் என்ன வேலை என்று யார் கேட்டாலும், "போய்ப் பாத்துட்டு வர்றது" என்பார் என் அக்கா வீட்டுக்காரர். உண்மையும் அதுதான். அவர் இருந்தது வேவு பார்க்கும் ஒரு சின்னப் பிரிவு. நாலு பேராகப் போவார்கள். எதிரி நடமாடும் சாலையோரம் குழி தோண்டி, மேலே வலையும் தழையும் போட்டு மூடி, உள்ளே கிடப்பார்கள். எந்த வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்ப வேண்டும். துப்பாக்கி வெடித்தால் வேலை கெட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவர் மாமா. பல வருஷம் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்த பிறகு, தானாகவே இந்தப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "அங்க யாரும் கத்த மாட்டாங்கடா" என்றார். அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும். பகலெல்லாம் மூடியிருக்கும் வாய், தூக்கத்தில் வட்டியும் முதலுமாகக் குறட்டை விடும்.

பயிற்சி சாமானியமானதல்ல. வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று முன்கூட்டியே சோப்பை நிறுத்திவிடுவார்கள். அப்படியே லீவில் வீட்டுக்கு வந்தால், அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவருக்குத் தட்டு வைப்பாள். குழிக்குள் அடுப்பு கிடையாது, பேச்சு கிடையாது. தின்றதன் காகிதத்தையும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, தின்று கழித்ததையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாமா எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்தார். மாட்டிக்கொண்டது தூக்கத்தில்.

குழிக்குள் முறைவைத்துத் தூங்குவார்கள். முதல் பயிற்சியில், ஒரு மத்தியானம், மாமாவின் முறை. அவர்களைத் தேட வேறொரு படையை ஏவியிருந்தார்கள். அதில் ஒருவன் புதருக்குள் உறுமல் கேட்டு, காட்டுப்பன்றி என்று நினைத்துக் கூட்டாளிகளைத் தடியோடு அழைத்து வந்துவிட்டான். உள்ளே பக்கத்தில் கிடந்தவன், உயரத்தால் நெட்டை என்று பெயர் வாங்கிய கூட்டாளி, மாமாவின் மூக்கைப் பொத்திப் பார்த்தான். மாமா வாயால் தொடர்ந்தார். தழையை விலக்கியபோது மூன்று பேர் திருதிருவென்று விழித்தார்கள், ஒருவர் விழிக்கவே இல்லை.

"நாலு பேரையும் காட்டிக் குடுக்க உன் மூக்கு ஒண்ணு போதும்யா" என்றார் பயிற்சியாளர். "கடைசிப் பயிற்சி வரைக்கும் பாப்பேன். அதுலயும் சத்தம் வந்தா, பழைய இடத்துக்கே போய்ச் சேரு." மாவு மில் ஓடுகிற மாதிரி குறட்டை என்று, அன்றிலிருந்து மாமாவின் பெயர் மில்லு.

அடுத்த பயிற்சியில் மாமா தூங்கவே இல்லை. சுத்த முட்டாள்தனம். கண் எரிய எரிய விழித்துக் கிடந்துவிட்டு, கடைசியில் வெறிச்சோடிய சாலையில் டாங்கிகள் வரிசையாகப் போவதாக வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார். அந்தத் தொழிலில், பிடிபடுவதைவிட இல்லாததைப் பார்ப்பதுதான் பெரிய குற்றம். பயிற்சியாளர் இந்த முறை திட்டக்கூட இல்லை. மிச்சம் இருந்தது கடைசிப் பயிற்சி ஒன்றுதான்.

லீவில் வந்தபோது நெட்டையும் கூட வந்தான். நான் அக்கா வீட்டில் மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் குறட்டைய நீங்க எப்படி நிறுத்துவீங்க?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். மறைவதில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே.

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

"குழியில புரள இடமில்ல அண்ணி."

அக்கா யோசித்தாள். "அப்ப நெஞ்சுல உள்ளங்கைய வெச்சு லேசா அழுத்துங்க, நின்னுடும். எடுத்தா மறுபடியும் ஆரம்பிச்சிடும். ஆனா நான் நிறுத்தறதே இல்ல தம்பி. புள்ளைக்குக் காய்ச்சல்னா ஒண்ணு ரெண்டு தடவை வெச்சிருப்பேன். அந்தச் சத்தம் இருந்தாதான் எனக்குத் தூக்கம் வரும். அவர் இல்லாதப்ப எல்லாம் கோழித்தூக்கம்தான்."

கடைசிப் பயிற்சியில், மாமாவின் முறை வந்தபோதெல்லாம் நெட்டை வலது கையில் தூரநோக்கியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை அவர் நெஞ்சில் வைத்திருந்தான். தேடி வந்தவன் ஒருவன் குழியின் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கல்லைத் தட்டினான். மண் உதிர்ந்து மாமாவின் கன்னத்தில் விழுந்தது. மாமா தூங்கினார். நெட்டையின் கை மரத்துப்போனது, ஆனால் அசையவில்லை. அவர்களை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"மூக்க எங்கய்யா கழட்டி வெச்சுட்டுப் போன?" என்றார் பயிற்சியாளர். மாமாவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு நிஜமான குழிகள். எங்கே போனார்கள், எதைப் பார்த்தார்கள் என்று எங்களுக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் எப்போதும் நெட்டை இருந்தான் என்பது மட்டும் தெரியும். அக்காவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. அவள் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர் என்று மாமாமேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஓய்வு பெற்று வந்த பிறகுதான் அது அடங்கியது.

போன மாதம் நெட்டை வந்திருந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமா சோபாவில் மல்லாந்தார். நெட்டை பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். குறட்டை கிளம்பியது. நெட்டை தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டி மாமாவின் நெஞ்சில் வைத்தான். வீடு அடங்கிப்போனது.

சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அக்கா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சின்மேல் இருந்த கையைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"கைய எடுங்க தம்பி" என்றாள். "இங்க யாரு தேடி வரப் போறா?"

நெட்டை எடுத்தான். மில்லு ஓட ஆரம்பித்தது. அக்கா கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, மீதிப் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.