கணக்கில் வராத கால்

டிராயிங் ஹாலில் வேலை பார்த்தவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். முதலாளிக்கு முன்னால் வளையாதது பலகைக்கு முன்னால் வளைந்திருக்கும். பென்சில் சீவியே ஆயுளைத் தீர்த்த தோழர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஏசி அறைச் சாமி

திருத்தணியில் விசைத்தறி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டிராஃப்ட்ஸ்மேன், சங்கச் செயலாளரும்கூட. எண்பதுகளின் கடைசியில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. எந்திரத்தின் உருவத்தைத் திரையிலேயே வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணக்கும் போட்டுவிடுமாம். ‘நான்கு பேர் சோற்றில் மண்’ என்று நோட்டீஸ் அடித்து கேட்டில் கொடுத்தேன். மேனேஜர் ஒளிக்கவில்லை. “இது போடுற முதல் டிசைன் தேறிட்டா ஹாலுக்கு ஒருத்தர் போதும். மத்த மூணு பேர் வேற இடம் பார்த்துக்கங்க” என்றார். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

பூசணிக்காய் உடைத்து, திரைக்குச் சந்தனம் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் நின்ற பியூன் கோவிந்தன் என் காதில் சொன்னார்: “தலைவரே, மலைமேல முருகரே வேர்த்துகினு நிக்கிறாரு. இதுக்குப் பாரு, ஜிலுஜிலுன்னு ஏசி!”

சும்மா இருந்த மூலை

கம்ப்யூட்டரை இயக்க வந்தவர் கலாவதி, இளம் இன்ஜினியர். தறியின் பக்கச் சட்டத்தில் வரும் வார்ப்பிரும்புத் தாங்கியை முதலில் எடுத்தார். “இந்த மூலை மட்டும் ஏன் சார் இவ்வளவு தடிமன்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. பழைய வரைபடத்தின்மேல் தாளை வைத்துப் பதினான்கு வருடம் டிரேஸ் எடுத்தவன் நான். ‘ஏன் என்று கேள்’ என்று மேடை மேடையாக முழங்கியவன், என் பலகையை ஒருநாளும் கேட்டதில்லை. “அது அப்படித்தாம்மா” என்றேன்.

தறி ஓடும்போது விழும் பாரங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கம்ப்யூட்டர் அரை நாள் யோசித்து, அந்த மூலையில் பாரமே இல்லை என்றது. தடிமன் பாதியானது. மேனேஜர் முகமெல்லாம் பல். கலாவதி கள்ளமில்லாமல் என்னிடம் சொன்னார்: “இத்தனை வருஷமா அது ஒரு வேலையும் செய்யல சார். சும்மா உக்காந்திருந்திருக்கு!”

பொதட்டூர்பேட்டையில் முறிந்தது

புதுத் தாங்கி போட்ட முதல் தறி பொதட்டூர்பேட்டை முனிரத்தினம் வீட்டுக்குப் போனது. பத்தாம் நாள் தாங்கி முறிந்தது. வார்ப்பில் குறையில்லை. மறுபடி கணக்குப் போட்டால், உடையாது என்றே கம்ப்யூட்டர் சாதித்தது. எனக்கு உள்ளூரக் குஷி. புது நோட்டீஸை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கலாவதியோடு பஸ் ஏறினேன்.

வீட்டில் இரண்டு தறிகள், சுவரை ஒட்டி. முறிந்தது நின்றிருந்தது, பழையது ஓடிக்கொண்டிருந்தது. அதில் பின்பக்கம் ஓர் இழை அறுந்தது. முனிரத்தினத்தின் மனைவி ராஜேஸ்வரி தறியை நிறுத்தினார். புடவையை இழுத்துச் செருகி, தாங்கியின் தடித்த மூலையில் வலது காலை ஊன்றி ஏறினார். எட்டி இழையை முடிந்துவிட்டு இறங்கினார். கால் பட்டுப் பட்டு அந்த மூலை மழமழவென்று மின்னியது. கலாவதி குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். “தினம் இப்படித்தான் ஏறுவீங்களாம்மா?” என்றேன். “ஏறாம? சந்து எங்க கீது? சொவத்துல பூந்தா அந்தப் பக்கம் போவ முடியும்?”

மூட்டைத் தராசு

ராஜேஸ்வரியின் எடையையும் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும் என்று கலாவதி விளக்கினார். வீட்டில் இருந்தது நூல் மூட்டை நிறுக்கும் தராசு. “நான் இன்னா மூட்டையா? பாவா ஏறட்டும்” என்று புருஷனைக் காட்டினார். “என்னை நிறுத்து இன்னா பிரயோசனம்? ஏறி மிதிக்கிறது நீதானே!” என்றார் முனிரத்தினம். கடைசியில் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு ஏறினார். உள்ளேயிருந்து குரல் கேட்டது: “யம்மா, அந்தப் பொட்டிகிட்ட மட்டும் சொல்லு. இவுரு காதுல வுழுந்துது, ஊரே சிரிக்கும்!”

மேனேஜர் அறையில்

நோட்டீஸை அச்சடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கால் கம்ப்யூட்டருக்குத் தெரியாததுபோலவே எனக்கும் தெரியாது. திரும்பும் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டேன். கலாவதி காலின் பாரத்தையும் கொடுத்தார். கம்ப்யூட்டர் வேறு இடத்து இரும்பைக் குறைத்துக் காலுக்கு அடியில் சேர்த்தது. பழையதைவிட எடை குறைவு, முறியவும் இல்லை. டிசைன் தேறிவிட்டது. மேனேஜர் சொன்னபடி மூவர் வெளியேற வேண்டும்.

நான் அவர் அறைக்குப் போனேன். கூப்பிடாமலே கலாவதியும் வந்தார். “கணக்கு சரிதான் சார், பாரத்தைத்தான் விட்டுட்டோம். வீடு வீடாப் போய்ப் பார்க்க ஆள் வேணும்” என்றார். “ஆர்.கே.பேட்டைத் தறிகள்ல எங்க மிதிக்கிறாங்களோ?” என்றேன் நான். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். முடிவில் மூன்று பலகைகள் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை. தறி வீடுகளைப் பார்த்து வந்து, முறைவைத்துக் கம்ப்யூட்டரில் வரைந்தோம். இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது மேனேஜர் சொன்னார்: “உங்க கோஷத்துக்கெல்லாம் நான் பயப்படலய்யா. அடுத்த வீட்டுல யாரு எதுமேல ஏறி நிக்கிறாங்களோன்னுதான் பயம்!”

எத்தனையோ போராட்டங்களில் பாதி கேட்டுக் கால் வாங்கித் திரும்பிய எனக்கு முழுசாகக் கிடைத்த வெற்றி இது ஒன்றுதான். அதைக் காலாலேயே தேடித் தந்த ராஜேஸ்வரியோ எங்கள் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை.