கூலிங் அக்காவின் இரண்டாவது பெட்டி

நாற்பத்து மூன்றாவது வயதில்தான் அவர் தன் முதல் நிரலை எழுதினார். அதுவரை அவர் கையில் இருந்தவை ஸ்பேனர், கேஸ் சிலிண்டர், மல்டிமீட்டர். ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் கிடங்கில் இரண்டு குளிர் அறைகளைப் பராமரிக்கிறார். மேலாளர் முதல் லாரி ஓட்டுநர் வரை எல்லோருக்கும் அவர் ‘கூலிங் அக்கா’.

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு வந்தது. ஒரு தெர்மாமீட்டரை இன்னொன்றை வைத்துச் சோதிப்பார். அந்த இன்னொன்றை மூன்றாவதை வைத்துச் சோதிப்பார். குளிர் அறையின் வெப்பநிலையை இணையம் வழியாக மேலாளரின் போனுக்கே அனுப்பும் பெட்டி என்று சொல்லி ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தபோதும் அப்படித்தான். திரையில் நான்கு டிகிரி. அக்கா பின்பக்கம் போய் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் நான்கு டிகிரி.

“நெட் கொஞ்சம் ஸ்லோக்கா” என்றார் பிரதிநிதி.

“பொய் மட்டும் டாண்ணு வந்து நிக்குதே” என்றார் அக்கா.

“அப்ப நீங்களே ஒண்ணு செஞ்சு காட்டுங்க” என்று மேலாளர் கேலியாகச் சொன்னார். அக்கா அதை வேலை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

உள்ளங்கை அளவு போர்டு ஒன்றும் சென்சார் ஒன்றும் வாங்கினார். கிளவுட் நிறுவனம் ஒன்று எஸ்.டி.கே. கொடுக்கிறது, சாதனங்கள் எங்கோ இருக்கும் சர்வரோடு பேசுவதற்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு அது. அதன் தொடக்கப் பாடத்தை, மாவு சலிப்பதுபோல வரிவரியாகச் சலித்தார். முதலில் சாதனத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதற்கென்று தரப்படும் சான்றிதழ்க் கோப்பைப் போர்டில் ஏற்ற வேண்டும். சர்வர் வாசலில் காட்டும் அடையாள அட்டை அது. கடைசியில் மாதிரி நிரலை ஓட்ட வேண்டும். முதல் செய்தி திரையில் வந்ததும் அக்கா மகிழவில்லை. ஒயரைப் பிடுங்கினார். செய்தி நின்றது. அதற்குப் பிறகுதான் மகிழ்ந்தார்.

முதல் அறையில் மாட்டிய பெட்டி ஒழுங்காக ஓடியது. மேலாளருக்கும் நம்பிக்கை வந்தது. இரண்டாவது அறைக்கும் ஒன்று செய்யச் சொன்னார். அக்கா அதற்குத் தனிச் சான்றிதழ் வாங்கினார்; நிரலை மட்டும் முதல் பெட்டியிலிருந்து அப்படியே நகலெடுத்துப் போட்டார். ஓடுகிற வண்டியை ஏன் பிரித்து மேய வேண்டும்?

மாட்டிய அன்றே மேலாளரின் போன் அலற ஆரம்பித்தது. ஒரு பெட்டி ‘தொடர்பு இல்லை’ என்று காட்டும். அது சரியானதும் மற்றது போய்விடும்.

“பெட்டி பேசலன்னா உள்ள மருந்து கெட்டுப்போச்சுன்னுதான் நான் எடுத்துக்கணும்” என்றார் மேலாளர். “யாராவது கை வைக்கிறாங்களா?”

அந்தக் கேள்விக்கு அக்காவின் மனதில் ஒரு முகம் தயாராக இருந்தது. தங்கையின் கணவர். அக்காதான் அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார். மணிக்கொரு தரம் இரண்டு அறைகளுக்குள்ளும் போய் வெப்பநிலையைப் பார்த்து, வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதுவது அவர் வேலை. பெட்டிகள் வந்தால் அந்த வேலை இல்லை. இரண்டாவது பெட்டி மாட்டிய அன்று காலைதான் அவரை மூட்டை ஏற்றும் பிரிவுக்கு மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா கண்காணித்தார். தங்கையின் கணவர் குனிந்தால் சந்தேகம், நிமிர்ந்தால் சந்தேகம். ஒருநாள் அவர் விடுப்பு எடுத்தார். அன்று இரண்டாவது அறையை மின்சாரத்தை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முதல் அறைப் பெட்டி நாள் முழுக்க ஒருமுறைகூட விக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அக்கா மேலாளரிடம் போய்ச் சொன்னார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவாயிற்று.

மறுநாள் தங்கை அக்காவின் வீட்டு வாசலிலேயே நின்று பேசினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஏன்க்கா, உன் பெட்டிக்கு விக்கல் எடுத்தா என் வீட்டுக்காரர் தண்ணி குடிக்கணுமா?”

“அவரு லீவு போட்ட அன்னைக்கு மட்டும் நல்லா ஓடுச்சுடி.”

“நானும்தான் அன்னைக்கு உனக்கு போன் பண்ணல. என்னையும் சேத்துக்கோ.”

பின்னால் நின்ற தங்கையின் கணவர் ஒன்றே ஒன்று சொன்னார். “அண்ணி, அந்தப் பெட்டியில எது ஸ்விட்ச்னுகூட எனக்குத் தெரியாது.”

“தெரியாதவங்கதான் எதையாவது அமுக்குவாங்க, மாப்பிள்ளை” என்றார் அக்கா.

மாப்பிள்ளை போன பிறகும் பெட்டிகள் விக்கின. அக்கா உடனே தன்னைச் சந்தேகிக்கவில்லை. வேறு யாரையோ ஏவிவிட்டிருக்கிறார் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அங்கேயும் ஒன்று வந்தால் ஒன்று போயிற்று. அக்காவின் கணவர் தட்டோடு சோபாவுக்கு நகர்ந்தார். “நான் தொடலப்பா. சாட்சிக்கு எழுதி வெச்சுக்கோ.”

பாடத்தில் விருப்பமிருந்தால் செய்யலாம் என்று போட்டிருந்ததை அக்கா அப்போதுதான் செய்தார். ஒவ்வொரு இணைப்பையும் துண்டிப்பையும் குறித்துவைக்கும் சர்வர் பதிவேட்டை இயக்கினார். துண்டிப்புக்கு எதிரே காரணம் வந்தது: அதே பெயரில் இன்னொரு சாதனம் இணைந்ததால் இது நீக்கப்பட்டது. மாதிரி நிரலில் சாதனம் தன்னை அறிவிக்கும் பெயர் ‘டெஸ்ட்’. நகலெடுத்தபோது இரண்டாவது பெட்டிக்கும் அதுவே போய்விட்டது. ஒரு பெயருக்கு ஓர் இணைப்புத்தான். புதிதாக வருவதை ஏற்று, பழையதை சர்வர் வெளியே தள்ளும். தள்ளப்பட்டது தானாகத் திரும்ப வந்து மற்றதைத் தள்ளும். கழுவிய நாளில் இரண்டாவது பெட்டிக்கு மின்சாரம் இல்லை. சண்டைக்கு ஆள் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

திங்களன்று காலை முதல் பெட்டியை மட்டும் அதன் அறையில் மாட்டிவிட்டு, மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“தங்கச்சி புருஷன்னு காப்பாத்தப் பாக்குறீங்களா?” என்றார் மேலாளர். “போன வாரம் அவருதான்னு அடிச்சுச் சொன்னீங்க.”

அக்கா லேப்டாப்பைத் திறந்தார். முதல் பெட்டியின் சான்றிதழ் அதிலும் இருந்தது. நிரலை அதில் ‘டெஸ்ட்’ என்ற பெயரிலேயே ஓட்டினார். மேலாளரின் போன் அலறியது. முதல் அறை, தொடர்பு இல்லை. பிறகு இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, இரண்டாவதையும் மாட்டினார். போன் அமைதியானது.

மேலாளர் போனைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். கடைசியில் அக்காவை, அக்கா தெர்மாமீட்டர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அப்ப நீங்க நினைச்சா, இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டே எந்தப் பெட்டியையும் வாயடைக்கலாம்.”

“செய்யலாம் சார்” என்றார் அக்கா.

நாளை முதல் மாப்பிள்ளை பழைய வேலைக்குத் திரும்புகிறார். பெட்டி காட்டும் எண்ணை மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுவதும் இனி அவர் பொறுப்பு. சான்றிதழ்க் கோப்புகள் மேலாளரிடம் இருக்கும். அக்காவுக்கு வேண்டுமானால் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.