முந்தானையின் மறுபக்கம்

நேற்று ஓட்டலில் முன் நாற்காலிப் பெண்ணின் பட்டு முந்தானை என் மேசையோரம் தொங்கியது. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, ஆரணி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் எங்கள் தோசை அப்போதுதான் வந்திருந்தது. தறி நெய்யும் அப்பா, பக்கத்து மேசைப் பெண்ணின் முந்தானையைத் தூக்கி, மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அவள் புருஷன் எழுந்துவிட்டான். "இன்னாய்யா பண்ணிகினு இருக்க?"

ஓட்டலே திரும்பியது. அம்மா பாதித் தோசையிலேயே எங்களை வெளியே இழுத்து வந்தாள்.

"உங்களுக்கு இன்னாத்துக்குங்க இந்த வேலை?"

"ஜரிகை இழை ஒண்ணு அறுந்திருந்துச்சி. நம்ம தறியில நெய்ததோன்னு பயந்துட்டேன்," என்றார் அப்பா. "நம்முது இல்ல." முகத்தில் அப்படியொரு நிம்மதி.

நேற்று என் மகள் மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிடும்மா."

அதற்குள் நான் திருப்பிப் பார்த்திருந்தேன். இழையெல்லாம் சரியாகத்தான் இருந்தது.