மண்ணுக்கு இடம் விடாத டயர்

எனக்கும் என் சகலைக்கும் பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை உண்டு. பேசுவதற்கு விஷயம்தான் கிடையாது. அவர் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். திண்டுக்கல்லில் மோட்டார் பம்ப் விற்கிற கடை வைத்திருக்கிறார். நான் அதே ஊரின் இன்னொரு கோடியில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தீபாவளி, காதுகுத்து, மாமனார் வீட்டுப் பொங்கல் என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவோம். உங்கள் பக்கம் மழை உண்டா என்று அவர் கேட்பார். உண்டு என்பேன். கடை எப்படிப் போகிறது என்று நான் கேட்பேன். போகிறது என்பார். அதற்குள் இலை போட்டாயிற்று என்று யாராவது கூப்பிட்டு எங்கள் இருவரையும் காப்பாற்றிவிடுவார்கள். அவர் என்னைக் கூப்பிடுவது ‘சார்’ என்று. சகலையை சார் என்று கூப்பிடுகிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை பைபாஸ் ரோட்டில், இடுப்பைப் பிடிக்கிற கால்சட்டையும் ஹெல்மெட்டுமாக எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். பார்த்தால் சகலை. நானும் அதே கோலத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. டாக்டர் சொல்லி இரண்டு பேரும் வீட்டில் மட்டும் சொல்லிவிட்டு சைக்கிள் வாங்கியிருக்கிறோம். அக்காளும் தங்கையும் தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறார்கள். இதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. சிரிப்பை அடக்க முடியாது என்பதால் விட்டுவிட்டதாகப் பிறகு என் மனைவி ஒப்புக்கொண்டாள்.

அந்த வருஷம் ஊரிலுள்ள சைக்கிள் குழு ஒன்று, ஐப்பசி மழை விட்டதும் நத்தம் பக்கம் சேற்றுப் பாதையில் சைக்கிள் ஓட்டம் என்று அறிவித்தது. கொஞ்சம் தார் ரோடு, கொஞ்சம் செம்மண், கண்மாய்க் கரை, வண்டிப்பாதை என்று எல்லாம் கலந்து நாற்பது கிலோமீட்டர். இருவரும் பெயர் கொடுத்தோம். அன்று ஆரம்பித்தது டயர்ப் பேச்சு.

அவர் கட்சி ஒல்லி டயர். சேற்றை அறுத்துக்கொண்டு அடியில் இருக்கிற கெட்டித் தரையைப் பிடிக்கும் என்றார். என் கட்சி அகல டயர். காற்றைக் குறைத்து வைத்தால் சேற்றின் மேல் மிதந்து போகும் என்றேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போன் வரும். பெல்ஜியத்துக்காரர்கள் சேற்றில் ஓட்டுகிற வீடியோவை அனுப்பிவிட்டு, பார்த்தாயிற்றா என்று கேட்பார். நான் மூன்று டயர்களின் அகலத்தையும் எடையையும் கட்டம் போட்டு எழுதி அனுப்புவேன். பதினெட்டு வருஷமாக மழையைத் தாண்டாதவர்கள் இப்போது டயரின் மேலுள்ள ரப்பர் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினோம்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப பஜ்ஜி ஆறுறதுக்குள்ள முடிவு பண்ணுனீங்க,” என்றாள் என் மனைவி. “டயருக்கு மூணு மாசமா?”

கடைசியில் என் சைக்கிளில் சக்கரத்தைக் கவ்வுகிற ஃபோர்க்குக்குள் நுழையக்கூடிய ஆக அகலமான டயரையே வாங்கினேன். மாட்டிக்கொடுத்த சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

“டயரு போகுது சார். மண்ணு போக எடம் வேணாமா?”

நான் ஸ்கேலை வைத்து அளந்து, மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது, தாராளம் என்றேன். கணக்கு வாத்தியார் சொன்னால் அவர் என்ன செய்வார்? சரி சார் என்றார்.

ஒத்திகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டை பக்கம் போனோம். மல்லிகைத் தோட்டத்து வரப்பையொட்டிய மணல் பாதையில் என் டயர் அருமையாகப் போனது. பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, எந்த டிராக்டரில் கழற்றினீர்கள் என்று கேட்டாள். சகலை அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மணலில் அவர் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளியதை நான் சொல்லிக்காட்டவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அது அவள் தங்கை வழியாகப் போய்ச் சேரும் என்று தெரியும்.

ஓட்டத்துக்கு முந்தின மூன்று நாளும் நல்ல மழை. காலையில் நத்தம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலிலிருந்து கிளம்பினோம். செம்மண் பாதை தண்ணீரைக் குடித்துவிட்டு மெத்தென்று கிடந்தது. மாந்தோப்புக்குள் சகலையை முந்தினேன். முந்தும்போது மணியை வேறு அடித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்த மணியை அடித்திருக்க வேண்டாம்.

கண்மாய்க் கரையை விட்டு இறங்கியதும் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே கரிசல் வண்டிப்பாதை. இருபதடி போயிருப்பேன். சைக்கிள் மெதுவானது. இன்னும் அழுத்தினேன். நின்றேவிட்டது. இறங்கிப் பார்த்தால் டயரையே காணோம். ஃபோர்க்குக்குள் களிமண் உருண்டை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஏறினேன். பத்தடியில் மறுபடி அடைத்தது. தள்ளினால் சக்கரம் சுற்றவில்லை. தூக்கினால் என் சைக்கிளும் அரைக் காணி நிலமும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டது. பாதையோரப் புல் மேலேயே ஓட்டிக்கொண்டு சகலை வந்தார். அவர் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே இரண்டு விரல் போகும். மண் ஒட்டியது, ஒட்டிய வேகத்தில் விழுந்தது. “மெதுவா வாங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ‘சார்’ அன்று எனக்குக் கசந்தது. அவர் மேல் கோபமில்லை. மூன்று மில்லிமீட்டர் தாராளம் என்று சொன்ன ஆள் மேல்தான் கோபம்.

என்னைத் தாண்டி எல்லோரும் போய்விட்டார்கள். கால் மணி நேரம் நோண்டியிருப்பேன். நிமிர்ந்தால் சகலை எதிரே நடந்து வருகிறார், சைக்கிள் இல்லாமல்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. நான் ஜெயிச்சதை வேற யார்ட்டப் போயிக் காட்டுறது? நீங்க இங்க நிக்கிறீக.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் பக்கத்தப் பிடிங்க, சகல,” என்றார்.

அவரே கவனித்தாரா தெரியவில்லை. நான் கவனித்தேன். அந்தப் பக்கத்தைப் பிடித்தேன்.

முன்சக்கரத்தைக் கழற்றி அவர் தோளில் மாட்டிக்கொள்ள, மிச்சத்தை நான் தூக்கிக்கொண்டேன். செருப்பைக் கையில் பிடித்தபடி எதிரே வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். “அதுக்கு மேலுக்கு முடியலையா?” என்று சைக்கிளைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றார் சகலை. பாவம், பார்த்துக் கூட்டிட்டுப் போங்க என்று அந்த அம்மா வழிவிட்டார்.

சகலை தன் சைக்கிளைச் சாத்தி வைத்திருந்த இடத்துக்கு வந்தால், பின் டயர் காற்றில்லாமல் கிடந்தது. அவசரத்தில் சீமைக்கருவேலம் செடியில் சாய்த்திருக்கிறார். ஒல்லி டயருக்குள் ஒரு அங்குல முள். மாற்று ட்யூப் எங்கே என்றேன். எடை குறையட்டும் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்தாராம். இதைச் சொல்லும்போது அவர் மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ஜியத்தில் கருவேலம் கிடையாதோ என்று மட்டும் கேட்டேன்.

என்னிடம் ட்யூப் இருந்தது, ஆனால் என் அகல டயருக்கானது. அதை அவர் டயருக்குள் மடித்துத் திணித்துக் காற்றடித்தோம். ஒரு பக்கம் கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டது. பக்கத்துக் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது அவர் கடையில் வாங்கிய மோட்டார். தோட்டக்காரர் சகலையை அடையாளம் கண்டுகொண்டு குழாயை என் சைக்கிள் பக்கம் திருப்பிவிட்டார். கூடவே மோட்டார் சத்தம் போடுகிறது என்று புகார் சொல்லவும் தொடங்கினார். சேற்றுக் காலோடு சகலை நின்று பதில் சொன்னார். நான் நிதானமாகச் சைக்கிளைக் கழுவினேன்.

மிச்சப் பாதை செம்மண்ணும் தாரும்தான். அவர் சைக்கிள் சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் ‘டக்’ என்று குதித்தது. அவரும் கூடவே குதித்தார். நான் பின்னால் வந்து அதைப் பார்த்தேன். முந்த மனசு வரவில்லை.

மண்டபத்துக்கு நாங்கள் போனபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் தீர்ந்து சட்டினி மட்டும் இருந்தது. அக்காளும் தங்கையும் ஸ்கூட்டரில் வந்து காத்திருந்தார்கள். எங்களில் யார் முதலில் வந்தது என்று கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘நான்தான்’ என்றோம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார். விசேஷம் எதுவும் இல்லை. கூட அவர் மனைவியும் இல்லை. அப்படி அவர் வந்தது அதுதான் முதல் தடவை. தோளில் ஒரு புது டயர். ஒல்லியும் இல்லை, அகலமும் இல்லை, நடுத்தரம். மனைவி அதை வாசலில் வைக்கச் சொன்னாள். அவர் உள்ளே கொண்டுவந்து சோபாவில் தனக்கும் எனக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். நான் ஸ்கேலை எடுத்து வந்தேன்.